புதருக்குள் ஒழிந்த முயல்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். அண்ணனுக்கு வாய்த்தவள் பெரியவள், தம்பிக்கு வாய்த்தவள் சின்னவள். மாமியார் அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டது. இருவரும் ஒரே வருடத்தில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்ததற்குக் காரணம் பெரியவள்தான். அவள்தான் முதலில் விண்ணப்பம் வாங்கி வந்தாள். "நானும் வரட்டுமா அக்கா? வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்ணப்போறேன்?" என்று சின்னவள் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அன்றைக்கே எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்று பெரியவள் பிற்பாடு எத்தனையோ தரம் தன்னையே நொந்துகொண்டாள்.

ஏனென்றால் பெரியவளுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. சின்ன வயதிலிருந்தே டீச்சர் ஆக வேண்டும் என்று கிடந்தவள் அவள். கல்யாணம், குழந்தை, மாமனாரின் படுக்கை என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து, முப்பத்து மூன்று வயதில்தான் வழி விட்டன. சின்னவளோ போகிற போக்கில் ஏறிக்கொண்டவள். ஏறிக்கொண்டவளுக்கு ஜன்னலோரம், காத்திருந்தவளுக்கு நிற்க இடம் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

பயிற்சிக்காக இருவரையும் அனுப்பிய பள்ளியும் ஒன்று, வகுப்பும் ஒன்று. இரண்டாம் வகுப்பு. வகுப்பு டீச்சர் வருட முடிவில் ஓய்வுபெறப் போகிறவர். அலுத்துப்போன நல்ல மனுஷி. முதல் நாளே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். "பெரியவங்க பொறுமையா இருக்கீங்க, எழுத்து நேரத்தை நீங்க பாத்துக்குங்க. சின்னவங்க கலகலன்னு பேசுறாங்க, கதை நேரம் அவங்களுக்கு." அவ்வளவுதான். கசாயம் கொடுக்கிற வேலை ஒருத்திக்கு, மிட்டாய் கொடுக்கிற வேலை இன்னொருத்திக்கு. அப்புறம் பிள்ளைகள் யாரைப் பார்த்தால் ஓடி வரும், யாரைப் பார்த்தால் நேராக உட்காரும் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரே வாரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் பெயர் வைத்துவிட்டன. நான்கு கோடு போட்டு எழுதச் சொன்னவள் கோடு டீச்சர். கைக்குட்டையில் எலி செய்து காட்டியவள் பொம்மை டீச்சர்.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எழுத்தில் பெரியவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிழை என்று ஒன்று கண்ணில் பட்டால் அவளுக்குக் கை நிற்காது. கொழுந்தன் எழுதிய மளிகைச் சீட்டைத் திருத்துவாள். மருந்துக் கடைக்காரரிடம் போர்டில் ஒற்று விடுபட்டிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை வாங்குவாள். ஒருமுறை குடியிருப்பு வாசலில் 'நாளை தண்ணிர் வராது' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் வராதே என்று எல்லோரும் பதறிக்கொண்டிருக்க, பெரியவள் கைப்பையைத் துழாவி சிவப்புப் பேனாவை எடுத்து, விட்டுப்போன சுழியைப் போட்டுவிட்டுத்தான் மாடி ஏறினாள். "சுழி போட்டதும் குழாயில வந்துருமா?" என்று அவள் புருஷன் கேலி பண்ணினான். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிள்ளைகளுக்கும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். ல, ள, ழ மூன்றையும் குழப்பாத பிள்ளைகளே இல்லை. பெரியவர்களே பேச்சில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் உருட்டுகிறார்கள். அவள் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் குனிந்து, வாயைத் திறந்து, நாக்கை மடித்துக் காட்டினாள். "நாக்கு நுனி மேல போகணும், ஆனா எங்கயும் தொடக்கூடாது. தொட்டா அது ழ இல்ல." ஒலி என்றால் சத்தம். ஒளி என்றால் வெளிச்சம், மறைந்துகொள்வதும் ஒளிதான். ஒழி என்றால் இல்லாமல் பண்ணு. 'கொசுவை ஒழி' என்று நாற்பது பிள்ளைகளும் பக்கம் பக்கமாக எழுதின. அவற்றில் முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை உண்டு. வகுப்பே அவளை ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிடும். அவள் மட்டும் ழவை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் 'பழம்' என்று சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இதையெல்லாம் யார் வந்து பார்த்தார்கள்? தலைமையாசிரியை நடைபாதையில் போகும்போதெல்லாம் உள்ளே கதை நேரமாகவே இருந்து தொலைத்தது.

மாதிரிப் பாடம் என்று ஒன்று வந்தது. இருவரும் ஆளுக்கொரு பாடம் நடத்த வேண்டும். தலைமையாசிரியை பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். வகுப்பு டீச்சர் ஓய்வுபெற்றதும் அந்த நாற்காலிக்கு இவர்களில் ஒருத்தி. இதைத் தலைமையாசிரியையே ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பெரியவள் பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தாள். நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டாள். 'படைப்பாற்றல் செயல்பாடு' என்ற கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. படைப்பாற்றல் என்றால் என்ன? பிள்ளை சிரித்தால் படைப்பாற்றலா? மேஜை மேல் ஏறி நின்றால் படைப்பாற்றலா? பிழையில்லாமல் ஒரு வரி எழுதுகிற பிள்ளையின் முகத்தில் ஒரு பெருமை வருமே, அதற்கு இந்தத் தாளில் எங்கே கட்டம்? சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் புலி மாதிரி உறுமிப் பழகிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெரியவள் பேனாவின் மூடியைக் கடித்தாள்.

கடைசியில் 'எழுத்து ரயில்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். பிள்ளைக்கு ஒரு எழுத்து அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் ஒரு சொல்லைச் சொன்னதும் அந்த எழுத்துக்காரர்கள் ஓடிவந்து வரிசையாக நின்றால் ரயில் புறப்படும். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. மூன்று நாள் உட்கார்ந்து அட்டை வெட்டினாள். மரம் என்றாள், ரயில் வந்தது. பட்டம் என்றாள், வந்தது. பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடின. முதல்முறையாக அவள் வகுப்பில் சத்தம் கேட்டது. அவளுக்கே ஆனந்தமாக இருந்தது.

பாடம் முடியும் நேரத்தில்தான் ஓட்டைப்பல் மூலையிலிருந்து கேட்டாள். "டீச்சர், என் ரயில் எப்ப வரும்?"

அவள் கழுத்தில் தொங்கியது ங. ங் இல்லை, ங. வரிசை மாறாமல் க, ங, ச என்று அட்டை வெட்டிக் கொடுத்திருந்தாளே தவிர, ங வருகிற சொல்லுக்கு எங்கே போவது? பெரியவள் மூளையைக் கசக்கினாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல்கூட அகப்படவில்லை. குழந்தையின் உதடு பிதுங்கியது. எழுத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தவள் எழுத்திலேயே வழுக்கி விழுந்தாள்.

அப்போது பார்த்து சின்னவள் எழுந்துபோய் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "ங எல்லாம் ரயில்ல போகாதுடா செல்லம். அதுக்குத் தனி விமானம்!" என்று கையில் ஏந்தி வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள். வகுப்பே கைதட்டியது. தலைமையாசிரியையும் தட்டினார். தன்னுடைய பாடத்தில், தன்னுடைய மேடையில், அவளுக்குக் கைதட்டல்! பெரியவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

சின்னவளின் முறை அடுத்து வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம், பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலுக்கு சின்னவள் ஒரு கத்தை அட்டையோடு வந்தாள். கொழுந்தனின் வெள்ளைக் காலுறையில் பொத்தான் கண் தைத்து, காது ஒட்டி, ஒரு முயலையும் செய்திருந்தாள். அதைக் கையில் மாட்டிக்கொண்டு முயல் குரலிலேயே கேட்டாள். "பெரியம்மா, என் கதையில தப்பு இருந்தா பாத்துச் சொல்றீங்களா?" அப்புறம் சொந்தக் குரலில், "எனக்கு எழுத்து எப்பவுமே கொஞ்சம் தகராறுதான். உங்க கண்ணுக்குத்தான் எல்லாம் படும். பாத்துடுங்க அக்கா, அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பெரியவள் அட்டைகளைப் புரட்டினாள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் படம். முயல் ஓடியது. புலி துரத்தியது. மூன்றாவது அட்டையில் கை நின்றது.

'முயல் புதருக்குள் ஒழிந்தது.'

ஒளிந்தது என்று இருக்க வேண்டும். ழ போட்டதில் முயல் மறையவில்லை, பூண்டோடு போய்ச் சேர்ந்துவிட்டது. சிவப்புப் பேனா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரல்கள் தாமாகவே அந்தப் பக்கம் நகர்ந்தன. எத்தனை வருடப் பழக்கம்! ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார், "சின்னவ கைப்பட்டா காலுறைகூடப் பேசுது பாரேன்" என்று யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். தான் வெட்டிய அட்டைகளைப் பார்த்து வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? குப்பை எப்போது எடுப்பாய் என்றுதான் கேட்டார்கள். பெரியவள் அட்டையை அது இருந்த இடத்திலேயே செருகினாள்.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன அக்கா, ரத்தக்களறியா?"

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு ஒரு சட்டையை இரண்டு தரம் மடித்தாள்.

மறுநாள் வகுப்பில் கொடி கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பால் அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தாள் சின்னவள். எழுத்துப் பக்கம் முன்னால். ஒவ்வொரு பிள்ளையாக வந்து படிக்க வேண்டும். படித்ததும் காலுறை முயல் அதை நடித்துக் காட்டும். பின்வரிசையில் தலைமையாசிரியை. அவருக்குப் பக்கத்தில் பெரியவள். பிள்ளைகள் கவனிக்காது, அவர் மட்டும் கவனிப்பார், ஒரு புருவம் உயரும், அது போதும் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

மூன்றாவது அட்டைக்கு ஓட்டைப்பல் வந்தாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். "முயல்... புதருக்குள்... ஒழிந்தது." நாக்கு எங்கும் தொடாமல், கோடு டீச்சர் குனிந்து குனிந்து சொல்லிக்கொடுத்த அதே ழ. வேறு எந்தப் பிள்ளை படித்திருந்தாலும் வாய்க்கு வந்தபடி ஒளிந்தது என்று படித்துவிட்டுப் போயிருக்கும். பெரியவளுக்கு அந்த நிலையிலும் ஒரு கணம் பெருமையாக இருந்தது.

ஓட்டைப்பல் நகரவில்லை. திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், கொசுவைத்தான ஒழிப்பாங்க? முயலை ஏன் ஒழிச்சாங்க?" அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "செத்துப்போச்சா?"

முன்வரிசையில் இன்னொன்று விசும்பியது. சின்னவள் அட்டையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் இறங்குவது பின்வரிசைக்கே தெரிந்தது. நிமிர்ந்து, நேராகப் பெரியவளைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான். பெரியவள் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள்.

அடுத்த நிமிடம் சின்னவள் முயலைக் கையோடு முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு அலறினாள். "ஐயையோ! முயலைக் காணோமே! இப்பத்தான இங்க இருந்துச்சு! யாரு ஒழிச்சது?"

"எழுத்து!" என்று ஒரு குரல் வந்தது.

"எந்த எழுத்து? பிடிங்க அதை!"

"ழ! ழ!" நான்கு பேர் கொடியடியில் பாய்ந்தார்கள். சின்னவள் ழவின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டினாள். "சரி, ழவை அனுப்பியாச்சு. இப்ப யார வச்சா முயல் பிழைக்கும்?" ஒருவன் ல என்றான். எழுதிப் பார்த்தார்கள், ஒலிந்தது. "புதருக்குள்ள போயி சத்தம் போடுதா? புலிக்குக் கேட்டுருமே!" என்று அவள் உதட்டில் விரல் வைக்க, வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஓட்டைப்பல் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ள வைங்க டீச்சர். ள வச்சா ஒளிஞ்சுக்கும்." அவளே வைத்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு காது மெல்ல எட்டிப் பார்த்தது. நாற்பது பிள்ளைகளும் நாக்கை மடித்தும் நீட்டியும் ழ, ள, ல என்று கத்தியதில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தலைமையாசிரியை எழுந்தே நின்றுவிட்டார்.

தான் தோண்டிய குழியையே அவள் கிணறாக வெட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. பிடிபட்டுவிட்ட பயத்தில் வந்த அழுகை இல்லை. எனக்கு இது வராதே, ஏழு ஜன்மம் எடுத்தாலும் வராதே என்ற ஆற்றாமையில் வந்தது.

இருவரையும் தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறி மேலே கடகடத்தது. "இத்தனை வருஷத்துல நான் பாத்ததே இல்ல" என்றார். "அந்தத் தப்பை அங்க வைக்கலாம்னு யாருக்குத் தோணுச்சு?"

சின்னவள் உடனே சொன்னாள். "அக்காவுக்குத்தான் மேடம். அட்டையெல்லாம் நேத்து அவங்கதான் பாத்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, மேஜையைப் பார்த்துக்கொண்டே முடித்தாள். "தெரிஞ்சேதான் விட்டாங்க."

தலைமையாசிரியையின் காதில் அது பாராட்டாக விழுந்தது. பெரியவளின் காதில் விழுந்தது வேறு. அவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்களை நான் தப்பா எடை போட்டுட்டேன்மா. கோடு போட மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன். நடத்துறது யாருக்கும் பழகப் பழக வந்துரும், யோசிக்கிறதுதான் வராது. வர்ற வருஷம் அந்த வகுப்பு..."

வாய்க்கு எட்டிவிட்டது. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும். இருபது வருட ஆசை. பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். சின்னவள் அமைதியாக நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள்! அதைப் பார்த்ததும் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அவளுக்கு, கைதட்டல் அவளுக்கு, மாமியாரின் வாய் அவளுக்கு. நல்லவள் என்ற பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போவதா? இனி ஆயுசுக்கும் அவள் போட்ட பிச்சையில் நான் டீச்சர் என்று உட்கார்ந்திருப்பதா?

"அது யோசனை இல்ல மேடம்" என்றாள் பெரியவள். குரல் கீச்சென்று வந்தது. "தப்புன்னு நேத்தே பாத்துட்டேன். சொல்லல. இவ மாட்டிக்கட்டும்னுதான் சொல்லல. அப்புறம் நடந்ததெல்லாம் இவளே அந்த இடத்துல பண்ணினது."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்க வெளிய இருங்கம்மா" என்று பெரியவளிடம் சொன்னார். அதிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பினார்கள். சின்னவள் ஓட்டினாள், பின்னால் பெரியவள், மடியில் அட்டைக் கட்டு.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பாதி வழியில் பெரியவள் கேட்டாள்.

"தண்ணிருக்குச் சுழி போட்டுட்டு மாடி ஏறுறவங்க நீங்க. முயல் ஒழிஞ்சது உங்க கண்ணுல படாமப் போகுமா?"

"அப்ப நீயும் ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?"

சிக்னல் விழுந்தது. சின்னவள் காலை ஊன்றி நின்றாள். "நீங்க சரின்னு சொல்லிட்டீங்களே அக்கா. அதுக்கப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?"

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரியவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். சாலையோரத்துக் கடைப் பலகை ஒன்றில் பிழை இருந்தது. அதைக்கூட அவள் படிக்கவில்லை.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றார். "யாருக்குடி வேலை?"

"சின்னவளுக்கு" என்றாள் பெரியவள். ஏன், எப்படி என்பதை சின்னவள் அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. அது வேறு பெரியவளுக்கு எரிந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் புதுக் கத்தை ஒன்றைக் கட்டிலில் வைத்தாள். "அடுத்த கதை அக்கா. பாத்துடுங்க." நம்பிக்கையா, சோதனையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெரியவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிழை கிடைக்காதா என்று ஆசையாகவே பார்த்தாள். ஐந்தாவது அட்டையில் கிடைத்தது. 'பச்சைக் கிழி பறந்தது.' இதைக்கூட எழுதத் தெரியாதவளுக்கு என் நாற்காலி என்று பல்லைக் கடித்தாள். வயிறு அன்றைக்கு எரிந்தது போலவே எரிந்தது, ஒரு துளி குறையவில்லை. பிளேடை எடுத்து ழவைச் சுரண்டினாள். அட்டையில் எழுதியிருந்த அதே பச்சை மையைத் தேடி எடுத்து, சின்னவளின் கையெழுத்து மாதிரியே கொஞ்சம் சாய்த்து, ள எழுதினாள். ஊதிக் காயவைத்தாள். ஓட்டைப்பல் விரல் வைத்துப் படித்தாலும் திருத்தின தடம் தெரியாது.

"எல்லாம் சரியா இருக்கா அக்கா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"இப்ப சரியா இருக்கு" என்றாள் பெரியவள்.